என்பின்மேல் எழுந்த இருப்புவழி

ஒரு மக்களினத்தை வேரறுக்க முனைவார், முதற்கண் அவ்வினத்தின் ஆட்சியைப் பறிப்பர். அடுத்து அதன் மொழியைப் பள்ளியினின்று துரத்துவர். பின்னர் அதன் நிலத்தை அளந்து கூறுபோட்டு விற்பர். இறுதியாக, அந்நிலத்தின் அடியில் உறங்கும் முன்னோரின் என்புகளின்மேல் தூண் நட்டு, அதற்கு முன்னேற்றம் என்று பெயரிடுவர். இந்நான்கு படிகளையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கண்ட மக்கள், அமைதிப் பெருங்கடலின் நடுவண் வாழும் அவாயித் தீவினர். நான்காம் படியில் அவர்கள் காலூன்றி நின்று முறை கேட்ட வரலாறு, தம் மண்ணிலேயே தாம் கேட்கப்படாதவராய் வாழும் எல்லா இனத்தாரும் ஓதியுணரத் தக்கதாகும்.

அவாயி ஒரு காலத்தில் தனியரசு. அதன் அரசி இலிலியுவோகலானி 1893 சனவரி 17-இல் அரியணையினின்று இறக்கப்பட்டார். இறக்கியவர் அந்நாட்டுத் தொல்குடியினர் அல்லர். கரும்புத் தோட்டத்தாலும் வணிகத்தாலும் கொழுத்த வெள்ளை முதலாளிகள். அவர்க்குப் பின்னணியாய் நின்றது, கரையிறங்கிய அமெரிக்கக் கடற்படை. மூன்றே ஆண்டுகளில், அஃதாவது 1896-இல், பள்ளிகளிற் பயிற்றுமொழி ஆங்கிலமே என்று சட்டம் இயற்றப்பட்டது. 1897-இல் 21,000-க்கு மேற்பட்டோர் ஒப்பமிட்டு, தம் நாட்டை அமெரிக்காவோடு இணைத்தலாகாது என்று மறுப்பு விடுத்தனர். அந்த ஒப்பங்களை ஒருபுறம் ஒதுக்கி வைத்துவிட்டு, 1898-இல் அமெரிக்கா அத்தீவுகளைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. நூறாண்டு கழிந்தபின், 1993-இல், அமெரிக்கப் பேராயம் ஒரு தீர்மானத்தின் வழியாக அம்மக்களிடம் வருத்தம் தெரிவித்தது. அவர்கள் தம் இறையாண்மை உரிமையை ஒருபோதும் நேரடியாக விட்டுக்கொடுத்ததில்லை என்பதையும் அதிலேயே ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்டதேயன்றி, அத்தீர்மானத்தால் ஒரு சாண் நிலமும் அவர்க்கு மீளவில்லை. வன்கவர்வாளர் கேட்கும் பொறுப்பு எப்பொழுதும் இத்தகையதே.

மொழி காட்டும் உண்மை

அம்மக்களின் மொழியில் 'இவி' என்பது என்பைக் குறிக்கும் சொல். அச்சொல்லினின்றே 'ஓயிவி' என்னும் சொல் கிளைத்தது. அதற்கு மண்ணின் மைந்தன் என்பது பொருள். 'குலாயிவி' என்பது பிறந்த நாட்டைக் குறிக்கும். என்பு கிடக்கும் நிலம் என்பதே அதன் உறுப்புப் பொருள். முன்னோரின் என்பை அவர்கள் 'இவி கூபுனா' என்பர். எவன் முன்னோரின் என்பு எந்நிலத்தில் கிடக்கின்றதோ, அவனே அந்நிலத்திற்கு உரியவன் என்பது அம்மொழியின் அமைப்பிலேயே பொதிந்து கிடக்கும் கோட்பாடு. உரிமையாவணம் வேறு வேண்டுவதில்லை, என்பே ஆவணம்.

ஆகவே அம்மக்கட்குப் புதைகுழியைக் கிளறுவது, ஏதோ ஒரு பழம்பொருளை இடம் மாற்றுவது போன்றதன்று. நாட்டுரிமையின் ஆவணத்தைக் கிழிப்பது போன்றது. இதனை ஆங்கிலத்தில் எழுதப்பட்ட ஆய்வறிக்கை எதுவும் முழுமையாய் உணர்த்தவியலாது. ஆங்கிலத்தில் என்பு வேறு, நாடு வேறு, குடிமகன் வேறு. மொழி அறியாதவன் செய்யும் கலந்தாய்வு, செவியில்லாதவன் கேட்கும் வழக்கு என்க.

இருப்புவழியின் வரவு

ஓவாகுத் தீவில் ஒனலுலு மாநகர் உள்ளது. கடலுக்கும் மலைக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய கரையில் அந்நகர் நீண்டு கிடப்பதால், சாலைகளில் உந்துவண்டிகள் திணறுகின்றன. இந்நெருக்கடியைத் தீர்க்க, மேற்கே கபோலெயி என்னும் பகுதியிலிருந்து கிழக்கே அலா மோவானா என்னும் வணிக நடுவம் வரை, ஏறத்தாழ 20 கல் தொலைவிற்குத் தூண்களின்மேற் செல்லும் இருப்புவழி ஒன்று திட்டமிடப்பட்டது. நிலையங்கள் 21. ஓட்டுநர் இன்றித் தானே இயங்கும் வண்டிகள். 2008 நவம்பரில் மாநகர மக்கள் வாக்களித்து இதற்கு இசைவும் தந்தனர்.

இத்திட்டம் தன்னளவில் தீதன்று. கூறியவாறு நடந்திருப்பின் ஏழை எளியவர்க்குப் பயன்படும் திட்டமே. சிக்கல் வழியின் கிழக்குக் கோடியில் இருந்தது. அங்கே, ககாக்கோ என்னும் கரைப்பகுதியில், மணலின் அடியில் தலைமுறை தலைமுறையாக மக்கள் தம் முன்னோரைப் புதைத்து வந்தனர். மேற்கட்டும் கல்லும் இல்லாத புதைகுழிகள் அவை. இடம் புறத்தார்க்குத் தெரியாதிருத்தலே அவற்றிற்குக் காப்பு. அப்பகுதியில் எங்குத் தோண்டினும் என்பு வெளிப்படக்கூடும் என்பதைத் தீவு மக்களும் அறிவர், தொல்லியலாரும் அறிவர், மாநகராட்சியும் அறியும்.

அமெரிக்காவில் 1966-ஆம் ஆண்டின் வரலாற்றிடக் காப்புச் சட்டம் ஒன்றுண்டு. கூட்டரசின் பணம் செல்லும் எத்திட்டமாயினும், அது பழமை வாய்ந்த இடங்களை எங்ஙனம் தாக்கும் என்று முன்கூட்டியே ஆய்ந்து, உரியவரோடு கலந்து பேசுதல் வேண்டும் என்பது அதன் 106-ஆம் பிரிவு. 1992-இல் செய்யப்பட்ட திருத்தம், அவாயித் தொல்குடியினரின் அமைப்புகளையும் அவ்வாறு கலந்து பேசப்படுவோர் வரிசையிற் சேர்த்தது. கேட்பதற்கு இனிய சட்டமே. ஆயின் அச்சட்டம் கேட்கச் சொல்கின்றதேயன்றிக் கேட்டதை ஏற்கச் சொல்லவில்லை. மேலும், நீண்ட வழித்தடத் திட்டமாயின் ஆய்வைப் படிப்படியாகச் செய்துகொள்ளலாம் என்று அதன் விதிமுறைகள் இடந்தருகின்றன. அந்த ஓர் இடைவெளியின் வழியாகத்தான் இருப்புவழியாளர் நுழைந்தனர்.

கேட்டது போலக் கேட்டனர்

வழியை நான்கு கட்டமாகப் பகுத்தனர். என்பு இருக்க வாய்ப்புக் குறைந்த மேற்குப் பகுதி முதற் கட்டம். என்பு மிகுந்த நகர்நடுப் பகுதி இறுதிக் கட்டம். முதற் கட்டத்திற்கு மட்டும் தொல்லியல் ஆய்வு செய்து முடித்து, ஏனையவற்றிற்கு ஆய்வைப் பின்னர்ச் செய்வதாக உறுதி கூறி, 2011 சனவரியில் கூட்டரசின் போக்குவரவு ஆட்சியமும் மாநில வரலாற்றிடக் காப்பு அலுவலரும் பிறரும் ஓர் உடன்பாட்டில் ஒப்பமிட்டனர். அடுத்த திங்களே கால்கோள் விழா நடந்தது.

ஓவாகுத் தீவின் புதையிட அவையம் என்பது, இத்தகைய செய்திகளுக்கென்றே சட்டத்தால் அமைக்கப்பட்டது, தொல்குடியினர் அமர்ந்திருப்பது. அவ்வவையம் 2009-இலேயே இப்படிப்படி முறையை மறுத்து, உடன்பாட்டில் ஒப்பமிட இசையாது நின்றது. என்புகள் எங்குள்ளன என்பதை முதலில் அறிந்து, அதன்பின் வழியை முடிவு செய்க என்பதே அவர்தம் வேண்டுகை. இதனினும் எளிய வேண்டுகை ஒன்றுண்டோ? வீடு கட்டுவோன் அடித்தளம் தோண்டுமுன் நிலத்தைப் பார்ப்பதில்லையா?

அவையத்தின் சொல் குறிப்பேட்டில் ஏறியது; திட்டத்தில் ஏறவில்லை. கூட்டம் கூட்டினர், வந்தோர்க்கு இருக்கை இட்டனர், பேசியதைப் பதிந்தனர், கலந்தாய்வு முடிந்தது என்று எழுதிக்கொண்டனர். கேட்டலும் கேளாமையும் ஒன்றாகிவிட்ட இந்நிலைக்கே அலுவலர் மொழியிற் கலந்தாய்வு என்று பெயர். முடிவு செய்தபின் கேட்பது கருத்துக் கேட்பன்று; இரங்கல் தெரிவிப்பது.

காலமே தீர்ப்பாளன்

இங்கே ஊன்றி நோக்கத் தக்க நுட்பம் ஒன்றுண்டு. அவாயி மாநிலச் சட்டம் புதைகுழிகளை இருவகையாகப் பிரிக்கின்றது. கட்டுமானத்திற்கு முன் நடக்கும் ஆய்விலேயே கண்டறியப்படுபவை ஒருவகை. அவற்றை இருந்தவிடத்திலேயே காப்பதா, பெயர்த்து வேறிடத்தில் அடக்குவதா என்னும் முடிவு தீவுப் புதையிட அவையத்தின் கையில் உள்ளது. கட்டுமானம் நடக்கும்பொழுது எதிர்பாராது வெளிப்படுபவை மற்றொரு வகை. அவற்றைப் பற்றி முடிவு செய்வது அரசுத் துறை. அதுவும் பொறிகள் காத்துக்கொண்டு நிற்கும் குறுகிய காலத்திற்குள்.

ஒரே குழி; ஒரே என்பு; ஒரே முன்னோன். இன்று கண்டால் அவன் வழியினர் முடிவு செய்வர். தூண் நடும் நாளிற் கண்டால் அலுவலர் முடிவு செய்வர். எனின், ஆய்வைத் தள்ளிவைத்தல் என்பது காலத்தைத் தள்ளிவைத்தலா, உரிமையைப் பறித்தலா? எப்பொழுது பார்ப்பது என்பதை முடிவு செய்தவன், எவன் முடிவு செய்வது என்பதையும் அதனோடே முடிவு செய்துவிட்டான். இச்சூழ்ச்சியை விளங்கிக்கொள்ளாதார்க்கு, இவ்வழக்கு முழுதும் வெறும் நாள்குறிப்புப் பூசலாகவே தோன்றும்.

இச்சட்டமும் எளிதிற் கிடைத்ததன்று. மவுவித் தீவில் ஓனோககுவா என்னுமிடத்தில், 1980-களின் இறுதியில், விடுதியொன்று எழுப்புவதற்காக ஆயிரத்திற்கு மேற்பட்டோரின் என்புகள் மணலினின்று தோண்டி எடுக்கப்பட்டன. மக்கள் கொதித்தெழுந்தனர். தோண்டல் நிறுத்தப்பட்டது, விடுதி கரையினின்று மேட்டுப்பக்கம் தள்ளி எழுப்பப்பட்டது, எடுத்த என்புகள் எடுத்தவிடத்திலேயே மீள அடக்கஞ் செய்யப்பட்டன. அக்கொதிப்பின் விளைவாக 1990-இற் பிறந்ததே புதையிட அவையச் சட்டம். ஆயிரம் முன்னோர் துயில் கலைந்து பெற்றுத்தந்த சட்டத்தை, இருபதே ஆண்டில் ஓர் இருப்புவழி ஏறி மிதிக்கப் பார்த்தது.

மன்றம் ஏறிய அம்மையார்

ககாக்கோ மண்ணில் அடங்கிய முன்னோரோடு கொடிவழித் தொடர்புடைய அம்மையார் ஒருவர் 2011-இல் வழக்குத் தொடுத்தார். கீழ்மன்றத்தில் அவர் வழக்கு வெல்லவில்லை. அவர் பின்வாங்கவுமில்லை. 2012 ஆகசுட்டு 24-இல் அவாயி மாநில உச்சமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பு வழங்கியது. பழமையிடங்கள் எவை என்று கண்டறிதல், அவற்றின் மதிப்பை அறிதல், அவற்றிற்கு நேரக்கூடிய தீங்கைக் கணித்தல், அத்தீங்கைத் தவிர்க்க வழி காணல் என்று மாநில விதிமுறைகள் ஒரு வரிசை வகுத்துள்ளன. முழுவழிக்கும் ஆய்வு முடியுமுன் காப்புத் துறை இசைவு தந்தது அவ்வரிசைக்கு மாறானது என்பதே தீர்ப்பின் சாரம். கூட்டரசு விதிகள் படிப்படி ஆய்வுக்கு இடந்தரினும், மாநில விதிகள் அவ்வாறு இடந்தரவில்லை.

உடனே கட்டுமானம் நின்றது. ஆய்வகழிகள் தோண்டப்பட்டன. ககாக்கோவில் மாந்த என்புகள் வெளிப்பட்டன. இருக்கின்றன என்று முதியோர் சொல்லிவந்தவை, இருந்தவிடத்திலேயே இருந்தன. 2012 நவம்பரில் கூட்டரசு மன்றமும், தொல்குடியினரின் மரபிடங்களைக் கண்டறிய வேண்டிய அளவிற்கு முயலாமலே திட்டத்திற்கு இசைவு தரப்பட்டது என்று தனியொரு வழக்கிற் கூறிற்று. முழு ஆய்வும் முடிந்து, 2013 செப்தம்பரிற் பணி மீளத் தொடங்கியது. மன்றம் இருப்புவழியை ஒழிக்கவில்லை. முதலிற் பார், பின்னர்க் கட்டு என்று மட்டுமே சொன்னது.

மறுப்பாரின் கூற்றுகள்

இவ்வழக்கைப் பழித்தோர் மூன்று கூற்றுகளை மொழிந்தனர். அவற்றை ஒவ்வொன்றாக ஆய்தல் தகும்.

முதற் கூற்று: செத்தவர்க்காக வாழ்பவர் வாடுவதா என்பது. இறந்தோர்க்கும் இருப்போர்க்கும் பகை மூட்டும் கூற்று இது. வழக்கிட்ட அம்மையார் வண்டி வேண்டாவென்று கேட்கவில்லை. வழியை அறிந்து வகுக்கவே கேட்டார். தூணின் இடத்தைச் சிறிது தள்ளி நடுவதற்கு, என்பின் இடம் முன்னரே தெரிந்திருத்தல் வேண்டும். பின்னர்த் தெரியின், இருபக்கமும் எழுந்து நிற்கும் வழியை எங்ஙனம் வளைப்பது? மேலும், பழித்தோர்தம் முன்னோர் துயிலும் கல்லறைத் தோட்டத்தின் நடுவே இதே வழி வகுக்கப்பட்டிருந்தால், அவர் வாய் இதே உரையைக் கூறுமா? கற்பலகை நட்ட கல்லறை புனிதம். மணலில் மறைந்த குழி வெற்றிடம் என்பதே அவர் உள்ளத்தின் அளவுகோல்.

இரண்டாம் கூற்று: தூண்களின் இடம் முடிவாகுமுன் அகழ்ந்தால், வேண்டாத இடத்திலும் மண்ணைக் கிளற நேருமே என்பது. இது பார்வைக்கு இரக்கமுடையது போலத் தோன்றும். ஆயின் வழி இன்னது, நிலையம் இன்ன இடத்தில் என்று முடிவு செய்து பணத்திற்கும் விண்ணப்பித்தவர்க்கு, ஆய்வதற்கு மட்டும் இடம் தெரியாதாம்! உடன்பாடு எழுதும் அளவிற்குத் தெரிந்த வழி, உற்று நோக்கும் அளவிற்குத் தெரியாமற் போனது யாங்ஙனம்?

மூன்றாம் கூற்று: காலத்தாழ்ச்சியாற் செலவு பெருகிற்று என்பது. இதற்குக் கணக்கே விடை கூறும். 2012 திசம்பரில் கூட்டரசோடு பண உடன்பாடு செய்துகொண்டபொழுது, முழு வழிக்கும் 512 கோடி தாலர் ஆகும் என்றனர். அதில் 155 கோடி கூட்டரசின் பங்கு. பின்னர் 2022-இல், வழியின் கடைசிப் பகுதியைக் குறைத்து, அலா மோவானா வரை செல்லாமலே 19 நிலையங்களோடு நிறுத்திக்கொள்வதென்று முடிவு செய்தபொழுதும், செலவு ஏறத்தாழ ஆயிரங்கோடி தாலர் எனக் கணித்தனர். ஓராண்டும் ஒரு திங்களும் நின்ற பணியா இவ்வளவையும் விழுங்கியது? அந்நிறுத்தத்தால் வந்த செலவு இப்பெருக்கத்தில் ஒரு சிறு பங்கே. உயரழுத்த மின்கம்பிகளுக்கும் வழிக்கும் இடையே விடவேண்டிய இடைவெளியை உரிய காலத்தில் எண்ணாமை, நெருங்கிய தெருவின் அடியிற் கிடந்த குழாய்களையும் கம்பிகளையும் பெயர்க்கும் பணியின் பளு, வண்டியின் உருளைகளும் தண்டவாளக் கூடலிடங்களும் ஒன்றோடொன்று பொருந்தாமை ஆகிய இவற்றையெல்லாம் எந்த முன்னோனின் என்பு செய்தது?

உண்மைக் கரணியம் வேறு. கூட்டரசின் இசைவு 2011 சனவரியில்தான் கிடைத்தது. மாநகராட்சியோ 2009-இலேயே முதற் பகுதியைக் கட்டுவதற்குப் பெருந்தொகை ஒப்பந்தத்தை வழங்கிவிட்டது. கட்டுவோன் கையைக் கட்டிவைத்துக்கொண்டு காத்திருக்கும் ஒவ்வொரு நாளுக்கும் ஈடு கேட்டான். உரிய காலத்திற்கு முன்பே ஒப்பந்தங்கள் வழங்கப்பட்டதை மாநிலக் கணக்காய்வரின் 2019-ஆம் ஆண்டு அறிக்கையும் குறை கூறிற்று. கேட்டுவிட்டுத் தொடங்கியிருந்தால் நேராத இழப்பை, தொடங்கிவிட்டுக் கேட்டதால் நேரச்செய்து, பழியை மட்டும் புதைகுழியின்மேற் போட்டனர். இறந்தோர் மறுத்துப் பேசார் என்னும் துணிவு!

வென்றதும் இழந்ததும்

மன்றத் தீர்ப்போடு வரலாறு இனிதே முடிந்தது என்று எவரும் எண்ணற்க. தீர்ப்பு வந்த மறு ஆண்டே, 2013-இல், அவாயிச் சட்டப்பேரவை தன் வரலாற்றிடக் காப்புச் சட்டத்தைத் திருத்தி, படிப்படி ஆய்வுக்கு இடம் வகுத்தது. எம்முறை முறைகேடு என்று உச்சமன்றம் ஒருமனதாகக் கூறியதோ, அம்முறையையே சட்டமாக்கிவிட்டனர். முறை மாறவில்லை, முறைகேட்டின் பெயர் மாறியது. ஓர் அம்மையார் பல திங்கள் போராடி மன்றத்திற் பெற்றதை, அவையில் ஒருசிலர் கைதூக்கி எடுத்துச் சென்றனர். விழிப்பில்லாத இனத்திற்கு வெற்றியும் தோல்வியின் முன்னுரையே.

ஆயினும் முழுதும் இழந்துவிடவில்லை. 1978-இல் அம்மக்கள் தம் மொழியை ஆங்கிலத்தோடு ஒப்ப மாநில ஆட்சிமொழியாக்கினர். 1984-இல் தாய்மொழியிலேயே பேசிப் பயிற்றும் மழலைப் பள்ளிகளைத் தொடங்கினர். 1986-இற் பள்ளிகளில் அம்மொழிக்கிருந்த தடையை நீக்கச் செய்தனர். அம்முயற்சியிற் கனிந்த மொழியறிவு, இருப்புவழி நிலையங்களுக்குப் பெயரிடும் நாளிற் பயன்பட்டது. மொழியறிஞரும் மரபறிந்தோரும் கூடி, அவ்வந்நிலத்தின் பழம்பெயர்களையே நிலையங்களுக்கு இட்டனர். 2023 சூன் 30-இல் முதற் பகுதி திறக்கப்பட்டபோது, கருவிரிகுடா எனப் பொருள்படும் ஓனோவுலியுலியும், பால்மீன் வாழும் நீர் எனப் பொருள்படும் வாயாவாவும், முகிற்கூட்டம் எனப் பொருள்படும் கலாவுவாவோவும் நிலையப் பெயர்களாய் நின்றன. 2025 அக்தோபரில் திறக்கப்பட்ட இரண்டாம் பகுதியிலும் இம்முறையே பின்பற்றப்பட்டது. பள்ளியினின்று துரத்தப்பட்ட மொழி, வண்டியில் ஏறி ஊரை வலம்வருகின்றது.

இதனைப் பாராட்டலாம், இதனோடு நிறைவுறலாகாது. நிலையங்கட்கெல்லாம் மண்ணின் பெயரிட்டவர், வண்டித்தொடருக்கு மட்டும் விண்கோடு எனப் பொருள்படும் ஆங்கிலப் பெயரையே சூட்டினர். உறுப்புகட்குத் தாய்மொழி, உருவத்திற்கு அயல்மொழி! மேலும், பெயரிடும் உரிமை வேறு. முடிவு செய்யும் உரிமை வேறு. முன்னதைத் தந்து பின்னதை மறுப்பது ஆள்வோர்க்குக் கைவந்த கலை. பெயர்ப்பலகை புண்ணுக்கு மருந்தாகலாம், புண்செய்தமைக்கு ஈடாகாது.

கேளாது இட்ட வழிகள்

கேளாது இருப்புவழி இடுவதன் கேட்டைப் பண்டே உலகம் கண்டதுண்டு. 1850-களிலும் அதனையடுத்தும் வெள்ளையர் இலாகூரினின்று முல்தானுக்கு இருப்புவழி இட்டபொழுது, அரப்பா மேட்டின் செங்கற்களைப் பெயர்த்து அள்ளித் தண்டவாளத்தின் அடியிற் கொட்டினர். ஏறத்தாழ 100 கல் தொலைவுக்கு அச்செங்கற்கள் போதியனவாயிருந்தன என்று கன்னிங்காம் எழுதிவைத்தார். அந்த மேடு எத்தகைய நாகரிகத்தின் தலைநகர்களுள் ஒன்று என்பது, 1921-இல் அகழ்வு தொடங்கி, 1924-இல் மார்சல் உலகிற்கு அறிவித்த பின்னரே விளங்கிற்று. அதற்குள் வண்டிகள் அறுபதாண்டு ஓடிவிட்டன. எத்தனை சுவரின் அடையாளம், எத்தனை தெருவின் போக்கு, எத்தனை எழுத்துப் பொறிப்பு அத்தண்டவாளத்தின் கீழ் நொறுங்கிற்றோ, இனி எவர் கூறவல்லார்? படித்துணரப்படாத அவ்வெழுத்தைப் பற்றி இன்று பூசலிடும் அறிஞர் கூட்டம், நொறுங்கிய செங்கல்லை ஒட்டிக் காட்ட இயலுமா?

இச்செய்தி தமிழகத்திற்கும் தொலைவானதன்று. மதுரை மாநகர்க்குத் திருமங்கலத்தினின்று ஒத்தக்கடை வரை ஏறத்தாழ 32 அயிரமாத்திரி தொலைவிற்கு நகர் இருப்புவழி திட்டமிடப்பட்டது. பழநகர்ப் பகுதியில் நிலத்தடியே செல்லுமாறு அது வகுக்கப்பட்டது. 2025 நவம்பரில் நடுவணரசு, மக்கள்தொகையைக் காட்டி அதனைத் திருப்பிவிட்டது. அம்மறுப்பின் முறைகேடு தனியே பேசத் தக்கது. ஆயின் அத்திட்டம் மீண்டெழும் நாளில், மதுரை மண்ணின் அடியில் என்ன கிடக்கின்றது என்னும் கேள்வியைத் தமிழரே முதலிற் கேட்டல் வேண்டும். மதுரைக்கு அணித்தேயுள்ள கீழடியில், 2014 முதல் தோண்டத் தோண்ட வெளிப்பட்டது என்ன என்பதை உலகறியும். தென்னந்தோப்பின் அடியிலேயே அத்துணை வாழ்வு புதைந்து கிடந்ததெனின், இடையறாது மக்கள் வாழ்ந்துவரும் பழநகரின் அடியில் ஒன்றுமில்லை என்று எவர் துணிந்து கூறுவர்?

கேட்பதும் தமிழிற் கேட்கப்படல் வேண்டும். 2020-இல் நடுவணரசு, சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவை நாட்டு மக்களின் கருத்துக்கென வெளியிட்டபொழுது, ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வெளியிட்டது. எட்டாம் அட்டவணையின் எல்லா மொழிகளிலும் தருக என்று தில்லி உயர்மன்றம் அவ்வாண்டு சூன் 30-இல் ஆணையிட்ட பின்னும், உடனே தராது உச்சமன்றத்திற்கு ஓடிற்று. படிக்கவியலாத மொழியில் அறிக்கை. பேசவியலாத மொழியிற் கூட்டம். முடிவில், மக்கள் கருத்துக் கேட்கப்பட்டது என்று ஒரு வரி! அவாயி மக்களின் செவிக்கு எட்டாத கலந்தாய்வும் இதுவும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளே.

ஆகவே தமிழ்ப் பெருமக்கள் நெஞ்சிற் பதிக்க வேண்டியவை மூன்று. பார்த்தபின் கட்டுக என்று கேட்பது முன்னேற்றத்திற்கு மறுப்பன்று, முறைமை. கேள்வி எப்பொழுது கேட்கப்படுகின்றது என்பதிலேயே விடை அடங்கிவிடுகின்றது. ஆதலின் ஒப்பந்தத்திற்கு முன்பே கேட்கச் செய்தல் வேண்டும். மன்றத்திற் பெற்ற உரிமை அவையிற் பறிபோகக் கூடும். ஆதலின் தீர்ப்பு வந்த நாளிலேயே உறங்கிவிடலாகாது.

முன்னோரின் என்பையும் தாய்மொழியையும் ஒருசேரக் காத்த இனமே நிலத்தைக் காக்கும். எழுத்துச் சான்று சிதையலாம், ஆவணம் எரியலாம், ஆள்வோர் மாறலாம். என்பு கிடக்கும் நிலமே பிறந்த நாடு என்று தன் சொல்லிலேயே பொறித்துவைத்த ஒரு சிற்றினம், வல்லரசொன்றின் பொறிகளை ஓராண்டு நிறுத்திக் காட்டிற்று. தாழியில் முதுமக்களை இட்டும், வீழ்ந்த மறவர்க்கு நடுகல் நட்டும் மண்ணோடு உறவு கொண்டாடிய தமிழினம், தன் நிலத்தின்மேல் எவர் கோடிழுப்பினும், கோடிழுக்குமுன் கேட்கச் செய்தல் வேண்டும். தமிழிற் கேட்கச் செய்தல் வேண்டும். கேட்ட விடைக்குக் கட்டுப்படவும் செய்தல் வேண்டும்.